பெருவிரல் நகம்

முக்கூடல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் டார்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். உன் ஜெபகனி பெரியம்மாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இத்தனை வருசப் பீடித்தூள் நெஞ்சை அடைத்து மூச்சு வாங்குகிறது, நினைவும் தப்பித் தப்பி வருகிறது. நேற்று நர்ஸ் பிள்ளை நகம் வெட்ட வந்தாள். பெரியம்மா பெருவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, வெட்டாதீங்கம்மா, வேலை போயிரும் என்று கும்பிட்டாள். அந்தப் பிள்ளை சிரித்தது, நான் அந்தக் கையை என் கைக்குள் எடுத்துக்கொண்டேன்.

உனக்கு இதெல்லாம் சொன்னதில்லை. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது பீடி சுற்றுவது பெரியவர்கள், அதன் வாயை மடக்கி அடைப்பது எங்களைப் போன்ற பொடிசுகள். பெருவிரலில் நகம் நீளமாக இருந்தால்தான் இலை கிழியாமல் மடங்கும். கிழிந்தால் பீடிக்கடைக்காரர் விரல் முட்டியில் பிரம்பால் அடிப்பார். ஒருநாள் என் கை வீங்கிக் கஞ்சிச் சட்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அக்காவுக்கு அப்போது பத்து வயதிருக்கும். மறுநாள் எங்கிருந்தோ ஒரு பிளேடை எடுத்து வந்து, எல்லாப் பிள்ளைகளின் நகத்தையும் ஒட்ட வெட்டிவிட்டாள், தன்னுடையதையும்தான். நகம் வளராமல் வேலை எப்படி நடக்கும்? வீட்டில் எங்களுக்கு விழுந்த அடி தனிக்கதை, அவள் ஒருத்திதான் அழவில்லை, அடிக்கிறதை நிறுத்திச் சின்னதுகளைப் பள்ளிக்கூடம் விட்டால்தான் நகம் வளர்ப்போம் என்று நின்றாள். வாய் அடைக்காத பீடி கடையில் குவிந்து கிடக்க, கடைசியில் அந்த மனுசன் இறங்கி வந்தார். இனி அடிக்கமாட்டேன், சின்னதுகள் பள்ளிக்கூடம் போகட்டும், ஆனால் அதுகள் பங்கை யாராவது மடக்கித் தரவேண்டும் என்றார். என் தங்கச்சி பங்கையும் நானே மடக்குதேன் என்று உட்கார்ந்தவள்தான் உன் பெரியம்மா, எழுந்திருக்கவே இல்லை. நான் டீச்சர் ஆனேன், உன்னையும் படிக்கவைத்தேன். அவளுக்குத் தன் பேர் எழுதக்கூட வராது. நாங்கள் ஜெயித்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மகளே.

இன்று காலை கஞ்சி கொண்டுபோனேன். என் தோளில் கிடந்த பையைப் பார்த்தாள். ஏட்டி இன்பமணி, இன்னும் இங்கன என்ன செய்யுத, மணி அடிச்சிருவாங்க, ஓடு, உன் பங்க நான் பாத்துக்கிடுதேன் என்றாள். சரிக்கா, போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து, பையைக் கட்டிக்கொண்டு அழுதேன். பென்சன் வாங்குகிற கிழவி அழுவதைப் போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் தள்ளிப்போடாதே, லீவு கேட்டுப் புறப்பட்டு வா. கர்த்தர் உங்கள் இருவருக்கும் நல்ல சுகமும் நல்ல மனசும் தருவாராக. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பெரியம்மாவுக்கு என்று ஒன்றும் வாங்கி வரவேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது வாசித்துக் காட்டு, அது போதும் அவளுக்கு.

உன் அம்மா,
இன்பமணி