சுண்ணாம்புக்கு அடியில்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீ, உன் வீட்டுக்காரர், நம் வாலு மூவரும் சுகம்தானே? பல் விழுந்த கதையைப் போனில் வாலுவே எனக்கு அரைமணி நேரம் சொன்னாள். ஆறு வயசுக்கு இந்த வாய் அதிகம். உன்னிடமிருந்துதான் வந்திருக்கிறது, சந்தேகமே இல்லை.

நீங்கள் வாங்கிய வீட்டுக்கு நேற்று மறுபடியும் வந்து சேர்ந்தேன். கொத்தனார் கைவைப்பதற்குள் எல்லா அறைகளையும் படம் எடுத்துத் தரச் சொன்னாரே உன் வீட்டுக்காரர், அந்த வேலைதான். கூரை பாதி இல்லை. படிக்கட்டில் ஏழாவது படி இல்லை. மாடியில் ஒரு மரமே முளைத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. இடிந்த வீடுகளையே தேடி அலைகிற என் இன்ஃப்ராரெட் கேமராவுக்கு வேறென்ன வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் எடுக்கிற படம் என்று எத்தனை முறை சொன்னாலும் நீ "பேய்ப்படம்" என்றுதான் சொல்வாய். இலையெல்லாம் பாலாய் வெளுத்து, வானம் கறுத்துப்போய், பட்டப்பகலிலும் வீடு எதற்கோ காத்திருப்பது போலத் தெரியும். ஒருவிதத்தில் நீ சொல்வதும் சரிதான்.

இந்த முறைதான் கவனித்தேன், ஒரு அறை மட்டும் விசித்திரம். வாலுவுக்கென்று நீங்கள் ஒதுக்கிய கீழ் அறை. வீடெல்லாம் காரை பெயர்ந்து கிடக்க, அந்தச் சுவரில் மட்டும் பளிச்சென்று சுண்ணாம்பு. கொத்தனார் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "வருஷா வருஷம் யாரோ அடிச்சிருக்காங்கம்மா. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்!

கீழ் அறைகளை முதலில் சரிசெய்து குடிவந்துவிடுவோம், மாடி மெதுவாக ஆகட்டும் என்றாயே, சாமான் கட்டத் தொடங்கிவிட்டாயா? கண்ணாடிப் பாத்திரங்களை உன் வீட்டுக்காரர் கையில் கொடுக்காதே.

அன்புடன்,
அக்கா

---

அன்புள்ள தங்கைக்கு,

போன் செய்யாமல் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் சொன்னால் நீ சிரிப்பாய். பாதியில் உன் வீட்டுக்காரர் வாங்கி, "வெயில்ல சுத்தாதீங்கக்கா" என்பார். உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நான் அனுப்பிய படங்களைப் பார்த்து மயங்கித்தான் நீங்கள் இந்த வீட்டை வாங்கினீர்கள். அந்த அறையின் படத்தில், சுவரில் வரிவரியாகக் கோடுகள் இருந்தன. பூஞ்சையோ கீறலோ என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு அனுப்பினேன். படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற தொழில் புத்தி. இந்த முறை அழிக்காமல் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எல்லாம் பென்சில் கோடுகள். நேரில் பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர், ஆனால் சுண்ணாம்புக்கு அடியில் இருப்பதை இந்தக் கேமரா பார்த்துவிடும். குழந்தைகளை நிற்கவைத்து உயரம் குறிப்போமே, அந்தக் கோடுகள். பக்கத்தில் பக்கத்தில் ஒன்பது வரிசை, ஒன்பது பிள்ளைகள். ஒவ்வொரு வரிசையும் கீழிருந்து ஏறிக்கொண்டே வந்து சட்டென்று நின்றுவிடுகிறது. ஒன்றுகூட நாலடியைத் தாண்டவில்லை.

ஒன்பதாவது வரிசைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கோடு, மூன்றடி ஆறங்குலத்தில். போன வருஷத்துப் படத்தில், நான் கைவைக்காத மூலப்படத்தில், இந்தக் கோடு இல்லை. ஆறு மாதத்துக்கு முன் வீடு பார்க்க வந்தீர்களே, அன்று வாலு அந்தச் சுவரில் குதிகாலை ஒட்டி, தாடையை நிமிர்த்தி நின்றாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. "பெரியம்மா, என் தலைல கை வச்சது நீயா?" என்று கேட்டாள். நான்தான் தட்டினேன் என்று நினைத்து நீ சிரித்தாய். நான் அறையின் அந்தக் கோடியில் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

இந்தத் திங்கட்கிழமை எடுத்த படத்தில் அதற்கு மேலே இன்னொரு கோடு. மூன்றடி ஏழரை அங்குலம். சுண்ணாம்பில் ஒரு கீறல் இல்லை. பூச்சுக்கு அடியில் புகுந்து யார் கோடு போடுவது? யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்தோம் என்று அன்று மத்தியானம்தான் நீ சொன்னாய். உயரம் என்ன என்று கேட்டேன். "மூணடி ஏழரைக்கா, வளர்ந்துட்டா!" என்றாய். எதற்குக் கேட்கிறாய் என்றதற்கு, சும்மா என்றேன். சும்மா கேட்கவில்லை.

தெருமுனை எலக்ட்ரிக் கடைக்காரரிடம் விசாரித்தேன். சுண்ணாம்பு அடித்து வந்தது அவரும் அவர் அப்பாவும்தானாம். "கோடு கண்ணுல பட்டா புள்ளைங்க போய் நிக்குதுங்கம்மா" என்றார். ஒவ்வொரு வரிசையும் ஏன் நின்றுபோனது என்று கேட்டேன். "அதுக்கப்புறம் வளரலீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பல்பு ஏதாவது வேண்டுமா என்று பேச்சை மாற்றினார்.

எனக்குப் பிள்ளையில்லாததால் உங்கள் புது வீட்டைப் பார்த்து வயிறெரிகிறேன் என்று உன் வீட்டுக்காரர் நினைப்பார். நினைத்துக்கொள்ளட்டும். வாலுவை இங்கே அழைத்துவராதே.

அக்கா

---

என் தங்கைக்கு,

உன் பதில் வந்தது. அக்காவுக்குப் பைத்தியம் என்பதை எழுதாமல் எழுதியிருந்தாய். லாரி ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லியாயிற்று என்றாய். வாலு நாலு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை, விளையாடும்போதே எழுந்துபோய்ச் சுவரோரம் விறைப்பாக நிற்கிறாள், கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சுவரை இடிக்கச் சொன்னேன். கொத்தனார் கடப்பாரையை ஒரே ஒரு முறை ஓங்கிப் போட்டார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். கேட்டேன். கேட்டதை உனக்கு எழுத மாட்டேன்.

நேற்று நண்பகலில் நானே போய் அங்கே நின்றேன். கேமராவைத் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சுவரில் ஒட்டி, தாடையை நிமிர்த்தினேன். "அவ வேண்டாம், சின்னப் பொண்ணு. என்னை அளந்துக்கோங்க" என்று வாய்விட்டே சொன்னேன். வெறும் அறையோடு பேசுகிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது. அப்போது என் தலையில் ஒரு கை பட்டது. சின்னக் கை. உயரம் எட்டாமல் எம்பி வைத்த கை.

படத்தைப் போட்டுப் பார்த்தேன். வாலுவின் கோடுகள் இரண்டும் இல்லை. உன்மேல் சத்தியமாக நான் அழிக்கவில்லை. ஐந்தடி இரண்டங்குலத்தில் புதிதாக ஒரு கோடு இருக்கிறது. அது என் உயரம்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நிம்மதியாகவும் இருக்கிறது. இந்த வீட்டை உங்கள் கண்ணில் காட்டியவள் நான், கேட்டதைக் கொடுக்க வேண்டியவளும் நான்தான்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளையே கிடைத்துவிடும். லாரியை நிறுத்து. வீட்டை யாருக்கும் விற்காதீர்கள், பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நிச்சயமாக வேண்டாம். நான் போன் எடுக்காவிட்டாலும் தேடி வராதே. நீ வந்தால் அவளும் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

இன்று வாலு வயிறாரச் சாப்பிட்டிருப்பாள், எனக்குத் தெரியும். அவள் நாலடி தாண்டட்டும், ஐந்தடி தாண்டட்டும், உன்னையும் என்னையும் தாண்டி வளரட்டும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உன் வீட்டுச் சுவரில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் அவளை நிற்கவைத்து, உன் கையாலேயே கோடு போடு. அவள் தலையில் வைக்கிற கை உன்னுடையதாகவே இருக்கட்டும்.

உன் அக்கா