படுத்துக்கொண்டு பார்க்க ஒரு டீவி

இன்று மாலை பக்கத்து வீட்டுக் காம்பராவில் புது டீவி பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே அடைத்திருந்த வெள்ளை நுரை அட்டையின் வாசனை எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசல் வரைக்கும் வந்தது. கொழுந்துச் சாக்கை இறக்கி வைக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாசனை வந்தால் உன் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்?

தேயிலை மலையில் வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன பிறகு, நீ முதலில் பேச்சைக் குறைத்தாய். அப்புறம் சாப்பாட்டைக் குறைத்தாய். முதுகுப் புண்ணால் ஒரு பக்கமாகத்தான் உன்னைப் படுக்க வைக்க முடியும். சுவரையே பார்த்துக் கிடந்தாய். யார் வந்து கூப்பிட்டாலும் கண்ணைத் திருப்பவில்லை. உன் கூட்டாளியாகக் கூடவே கொழுந்து கிள்ளி, கூடவே சண்டை போட்டு வளர்ந்தவள் நான். நீ இப்படியே போய்விடுவாய் என்று எனக்குப் பயமாக இருந்தது.

டீவி வாங்கிப் போடலாம் என்று உன் வீட்டுக்காரரிடம் சொன்னதே நான்தான். அவர், “நல்லதாப் பாத்து நீயே எடுத்துட்டு வா தங்கச்சி, எனக்கு அதெல்லாம் வெளங்காது” என்றார். எனக்கு மட்டும் என்ன விளங்கும்? எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டிவிட்டு பதுளைக்கு பஸ் ஏறினேன்.

கடையில் சுவர் முழுக்க டீவி. எல்லாவற்றிலும் ஒரே பூ ஒரே நேரத்தில் விரிந்தது. வாயைப் பிளந்து நின்றேன். விற்பனைக்கு நின்ற தம்பி நாற்பத்து மூன்று இன்ச், ஃபோர் கே, ஸ்மார்ட் என்று அடுக்கிக்கொண்டே போனான். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்தேன்.

“ஐயோ அக்கா, மயக்கமா? தண்ணி கொண்டு வரவா?”

“மயக்கமில்ல தம்பி. படுத்துக்கிட்டே பாக்குற ஆளுக்குத்தான் டீவி.”

உன் கட்டிலை ஒட்டிய சுவரில் மாட்ட இடமில்லை. கால்மாட்டுச் சுவரில் மாட்டினால் நீ ஓரக்கண்ணால்தான் பார்க்க முடியும். அந்தத் தம்பி தூக்கி வைத்துப் பேசிய டீவி, நேரே நின்றால் ஜொலித்தது. கீழே கிடந்து சாய்வாகப் பார்த்தால் முகமெல்லாம் சாம்பல் பூத்துப் போனது. பக்கத்திலிருந்த இன்னொன்று எந்தப் பக்கம் புரண்டாலும் நிறம் மாறவில்லை. கடைக்கு வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். போகட்டும்.

அதில் தேயிலை மலை ஏதாவது போடச் சொன்னேன். பச்சை பெயிண்டைக் கொட்டியது மாதிரி வந்தது. “இப்படி ஒரு கொழுந்து எந்தத் தோட்டத்துலயும் இல்ல தம்பி.” அவன் சிரித்துவிட்டு, கடைக்காக வைத்திருந்த பளபளப்பை மாற்றினான். பெயிண்ட் பச்சை அடங்கிக் கொழுந்துப் பச்சையானது. ஆனால் இருட்டுக் காட்சிகளில் கறுப்பு சரியான கறுப்பாக இல்லை. சத்தமும் மெலிசு. “தகரக் கூரையில மழை பேஞ்சா கேக்குமா?” என்றேன். “கேக்காதுக்கா. இந்த வெலைக்கு இவ்வளவுதான்” என்று உள்ளதைச் சொன்னான். பிறகு அவனும் என் பக்கத்தில் குந்தி, நான் பார்த்த சாய்விலேயே பார்த்தான். “உங்க ஆளுக்கு இதுதான் சரி” என்று அந்த இரண்டாவதையே கட்டிக் கொடுத்தான்.

மாட்டிய அன்று நாடகம் போட்டோம், நீ திரும்பவில்லை. பாட்டுப் போட்டோம், கண்ணை மூடிக்கொண்டாய். என் முகம் தொங்கிப்போனது. அப்போது உன் வீட்டுக்காரர் போனில் எதையோ தேடி டீவியில் போட்டார். யாரோ வெளியூர்க்காரர்கள் கேமராவைப் பறக்கவிட்டு எடுத்த நமுனுகுல மலை.

மூடுபனி விலகியது. கீழே நம் தோட்டம்!

பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறோம், மேலேயிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. குனிந்தால் அடுத்த செடிதானே தெரியும். நாம் பிடித்துக் கிள்ளிய நெரைகள், அந்தச் செடி வரிசைகள் எல்லாம் வளைந்து வளைந்து, பெரிய கோலம் போட்டது மாதிரிக் கிடந்தன. திரும்பிப் பார்த்தால், நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

“நிப்பாட்டு” என்றாய். எத்தனையோ நாளைக்குப் பிறகு உன் குரல். படத்தை நிறுத்தினோம். “அந்தப் பாறைக்குக் கீழ. அங்கதான் நான் விழுந்தேன்.”

தப்புச் செய்துவிட்டோம் என்று படத்தை மாற்ற ரிமோட்டை எடுத்தேன். நீ அசையாமல் பார்த்தாய். “எம்புட்டு அழகா இருக்குடி. இதையா நாம இம்புட்டு நாளா கிள்ளிக்கிட்டு இருந்தோம்?” என்றாய். கொஞ்ச நேரம் கழித்துக் கஞ்சி கேட்டாய். அடுப்படியில் போய் நான் அழுதது உனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் வாசலிலேயே உன் கேள்வி காத்திருக்கும்: “இன்னைக்கு எந்த மலைடி?” அன்று கொழுந்து கிள்ளிய மலையின் நம்பரைச் சொன்னால் அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்வாய். மேல் நெரையா கீழ் நெரையா என்று விசாரிப்பாய். “ஆ, ஒன்னயத் தேடிப் புடிச்சிட்டேன்” என்பாய். அந்தப் படத்தில் நான் எங்கே இருந்தேன்? இருந்தாலும் நீ விரல் நீட்டிய இடத்தில் நான் நிற்பதாகவே எனக்கும் தோன்றும். முகம் தெளிந்து, உடம்பு தேறி, அப்படி இரண்டு மழைக்காலம் இருந்தாய். பிறகுதான் போனாய்.

இப்போது நெரையில் குனிந்து நிற்கும்போதும் எனக்கு முழு மலையும் தெரிகிறது. அவ்வளவு பெரிதில் நான் இத்தனூண்டு, ஆனாலும் இருக்கிறேன். அந்தப் பார்வை எனக்கு நீ கொடுத்தது. உன் காம்பராவைக் கடக்கும்போது கேள்வி வராது என்று தெரியும். பதிலை மட்டும் சொல்லாமல் போக மனது வருவதில்லை.

இன்னைக்கு ஏழாம் நம்பர் மலை, புள்ள. மேல் நெரை.