உன் மூத்தார் மீசைக்குக் கீழே

புது பிளக்ஸைப் பிரித்தால் ஒரு சாய வாடை தலைக்கு ஏறும். செந்துறையில் இத்தனை வருடமாக பிளக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கே அது ஆகாது. நேற்று மட்டும் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன். பத்தடி அகலத்தில் உன் வீட்டுக்காரரின் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். மீசைக்குக் கீழே கொட்டை எழுத்தில்: "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாம்."

மாதவிலக்கு நின்ற பிறகும் துணியில் ரத்தம் படுகிறதென்று நர்ஸம்மாவிடம் சொல்லி, சில வருடம் முன்னால் நீயும் இப்படி ஒரு முகாமுக்குப் பெயர் கொடுத்தாய். உன் மூத்தார் போய் பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டு வந்தார். "நம்ம வூட்டுப் பொம்பளைங்க அங்கெல்லாம் போயி படுக்க மாட்டாங்க. ஊரு சிரிக்கும்."

நீ என் கடைக்கு வந்து அழுதாய். கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கலாம். நான் ஜோக்கடித்தேன். "விடுடி. டார்ச் அடிச்சுல்ல பாப்பாங்களாம். பேட்டரி தீந்துட்டா என்னத்தத் தேடுவாங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம் போகவே இல்லை. மறு வருடம் பெரம்பலூரில் ஒரு டாக்டர், "முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை.

இப்போது உன் மூத்தாருக்குத் தேர்தல் ஆசை. தன் கல்யாண மண்டபத்தையே முகாமுக்குத் தருகிறார். "பெண்கள் நலம்னு பொதுவா போட்டுடும்மா" என்றார். "சரிங்கண்ணே" என்றேன். அச்சடித்தது வேறு. அடியில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: "தலைவர் வீட்டுப் பெண்கள் முதலில் பரிசோதனை செய்துகொண்டு முகாமைத் தொடங்கி வைக்கிறார்கள்."

இன்று காலை கம்பத்தில் கட்டிய பிறகுதான் பார்த்தார். "என்னம்மா இது அசிங்கமா? அவுத்துடு."

"அவுத்துடலாங்கண்ணே. உங்க படமும் சேந்துல்ல கீழ எறங்கும்?"

வாசலில் ஆளாளுக்கு போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. அவர் மனைவி, உன் ஓரகத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள். பின்னாலேயே மருமகள்கள் இரண்டு பேரும்.

நான்காவது ஆள் நான். ஊரைக் கூப்பிட்டவள்தான், மேசையில் படுத்ததும் புடவையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டேன். "ரெண்டு நிமிஷந்தாங்க" என்று நர்ஸம்மா டார்ச்சைப் போட்டாள். அந்தப் பழைய ஜோக் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

உன் மூத்தாரைக் கம்பத்தில் கட்டிவிட்டேன். அவரோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டிய இந்த வாயை மட்டும் இன்னும் முகத்திலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.