கழுத்துவரை வைக்கோல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, பேச்சுதான் பதினோரு நாள் இல்லாமல் இருந்தது, அதுவும் நேற்றோடு சரியாகிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன முதலாளியும் சுகமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பாள், அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு வருவாயா என்று நீ கேட்கும்போதெல்லாம் அவள் "பார்க்கலாம்" என்று சொல்லிப் போனை என் கையில் திணிப்பாளே, அதற்குக் காரணம் பாஸ்போர்ட்டும் இல்லை, முழங்கால் வலியும் இல்லை. கொல்லையில் இருக்கிற முப்பத்திரண்டு செடிதான். "ரெண்டு மாசம் யாரு தண்ணி ஊத்துவா? பெத்த பொண்ணு வாயைத் திறந்து கேப்பா, தக்காளிச் செடி கேக்குமா?" என்கிறாள். பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊற்றுவதாகச் சொன்னார். அவருக்கு முதுகுவலி, தான் கொடுக்கிற மாத்திரையை அவரே நம்புவதில்லை. இந்த வெயிலுக்கு வாரம் ஒரு தண்ணீர் எந்த மூலைக்கு? நாற்றுக்கடைக்காரரிடம் போய் யோசனை கேட்டேன். "மூடாக்குப் போடுங்க முதலாளி, மண்ணுமேல வைக்கோலைப் பரப்பிட்டா வெயில் மண்ணைத் தொடாது, ஈரம் நிக்கும், களையும் அடங்கும்" என்றார். வைக்கோல் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பீங்கான் கடைக்கு வருகிற பெட்டி ஒவ்வொன்றிலும் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் அதுதானே, இருபத்தெட்டு வருடமாக அள்ளி அள்ளி வெளியே தள்ளியவன் நான். எப்படிப் போடுவது என்று அவர் மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தார். "வைக்கோல் விஷயத்துல எனக்கா பாடம்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

பீங்கான் அடுக்குகிறவனுக்குச் சட்டம் ஒன்றுதான், சாமான் ஆடக் கூடாது, ஆடினால் உடையும். ஆகவே ஒவ்வொரு செடியையும் கழுத்துவரை வைக்கோல் வைத்து, முஷ்டியால் குத்தி இறுக்கி, பெட்டியை ஆட்டிப் பார்ப்பதுபோல ஆட்டியும் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இப்படியே லாரியில் ஏற்றி உன் ஊருக்கு அனுப்பினாலும் ஓர் இலை உதிராது என்று உன் அம்மாவிடம் மார்தட்டிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் தக்காளி தலையைத் தொங்கப் போட்டது. தாகம் என்று நினைத்து அவள் இன்னும் இரண்டு வாளி ஊற்றினாள். மறுநாள் வைக்கோலை விலக்கினால் தண்டெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று இருக்கிறது, நத்தை குடும்பத்தோடு குடியேறியிருக்கிறது. ஒன்பது செடி போய்விட்டது. "ஊரான் வீட்டுத் தட்டெல்லாம் உடையாம போய்ச் சேருது, என் செடியை மட்டும் அழுக வச்சாச்சு. நான் எங்கயும் வரல, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள், அதுதான் கடைசிப் பேச்சு. அப்புறம் தட்டில் சாப்பாடு வரும், போதுமா என்ற கேள்வி வராது. பிரசவ அறை வாசலில் நான் மட்டும் தனியாக நின்று என்ன செய்ய, சொல்லு.

வெட்கத்தைவிட்டு மறுபடி நாற்றுக்கடைக்காரரிடம் போனேன். மனிதர் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "செடியை மூடச் சொல்லல முதலாளி, மண்ணைத்தான் மூடச் சொன்னேன். நல்லா தண்ணி விட்டு, அதுமேல நாலு விரல் உசரம் பரப்புங்க. தண்டைச் சுத்தி மூணு விரல் இடம் விடுங்க, அதுக்கும் காத்து வேணாமா?" மிச்சம் இருந்த இருபத்து மூன்றுக்கும் குத்தவைத்து உட்கார்ந்து நானே பிரித்துப் போட்டேன். நடுவில் ஓர் உடைந்த கோப்பைக் காது கிடைத்தது, உன் அம்மா அதைக் கழுவி என் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலில் வைத்திருக்கிறாள்.

அப்புறம் பரீட்சை. ஒரு ஞாயிறு தண்ணீர் விட்டதோடு சரி, ஏழு நாள் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. உன் அம்மா காலையில் வாளியோடு வருவாள், இலையைப் பார்ப்பாள், வாளியோடு திரும்பிப் போவாள். நேற்று ஏழாம் நாள். வைக்கோலை விலக்கி, விரலை மண்ணுக்குள் விட்டாள். எத்தனையோ பெட்டிகளைப் பிரித்திருக்கிறேன், உள்ளே எத்தனை உடைந்ததோ என்று இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. விரலை எடுத்தாள், ஈர மண் ஒட்டியிருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டு, "டிக்கெட் போடுங்க" என்றாள். அப்புறம் திரும்பிப் பார்த்து, "ஆனா அங்க வந்து குழந்தைக்குத் துணி சுத்தற வேலை மட்டும் உங்களுக்குக் கிடையாது" என்றாள்.

பிள்ளை ஓயாமல் உதைக்கிறது, தூக்கமே இல்லை என்று அழுதாயாமே. உதைக்கட்டும் கண்ணு, ஆடினால்தான் நல்லது, இதை உன் அப்பா ஒன்பது செடியைக் கொன்று கற்றுக்கொண்டான். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விரட்டாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசி. ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே, டிக்கெட் இரண்டையும் நான் போட்டு ஒரு மாதம் ஆகிறது. நேற்று அவளிடம் "பார்க்கிறேன், கிடைக்கணுமே" என்று இழுத்து வைத்திருக்கிறேன். படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன் அன்பு அப்பா,
பீங்கான் கடையிலிருந்து.