மாடு மேயும் காப்பிடம்

என் செல்ல மகளே,

இங்கிலாந்தின் இந்த டார்செட் மூலையில் மழை விட்டிருக்கிறது. அப்பா நலம், அவருடைய பிடிவாதமும் நலம்.

நம் இயற்கைச் சங்கம் முதன்முதலில் வாங்கிய ஈரநிலத்தில், நீலப் பூவைக் காக்க, மாடு நுழையாதபடி அப்பா வேலி போட்டாரே, உள்ளே புல் மண்டிப் பூவே அற்றுப்போனது. "மாட்டை உள்ள விடுங்கப்பா, அது மிதிச்சாத்தான் விதை முளைக்கும்" என்று நீ சண்டை போட்டுக்கொண்டு போனாய்.

போன ஆண்டு அவரே வேலியைப் பிரித்தார்.

நேற்று ஒரு பூ பூத்திருந்தது. பக்கத்துப் பண்ணைப் பசு நெருங்கியதும் அப்பா பதறிப்போய்த் தொப்பியைப் பூவின்மேல் கவிழ்த்தார். உடனே எடுத்தும்விட்டார்.

"வேணாம், அவ பாத்தா திட்டுவா" என்றார். பிறகு பசுவிடம், "பாத்து நடம்மா" என்றார்.

இன்னும் மொட்டுகள் இருக்கின்றன. உன் பழைய பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறார். நான் துடைத்ததாக எழுதச் சொன்னார்.

உன்னைத் தேடும்,
அம்மா