அவரவர் வக்கீலுக்கு அவரவர் செலவு

போடிநாயக்கனூர்,
13-2-1979

அன்புள்ள மாப்பிள்ளை காசிமாயனுக்கு, மச்சான் வெள்ளைத்துரை எழுதுவது. இங்கே என் மூட்டுவலியும் என் வீட்டுக்காரி வேலுத்தாயின் வாயும் குறைவில்லாமல் இருக்கின்றன. அங்கே மலையில் நீங்களும் தங்கச்சி சுந்தரம்மாளும் சுகந்தானே?

நேற்று தீர்ப்பு. ஏலக்காய் எடுப்பு மும்முரத்தில் நீங்கள் இறங்கி வராததால், ஜெயித்தவருக்குத் தோற்றவனே சேதி சொல்லும் கூத்தாகிவிட்டது. கடை உங்களுக்குத்தான். மூன்று மாதத்தில் நான் காலி செய்ய வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. பத்து வருஷக் குத்தகை முடிந்தது, நீங்கள் வாடகையைக் கூட்டினீர்கள், நான் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். கட்டடம் உங்களுடையது.

ஆனால் அதற்கப்புறம் நீதிபதி இன்னொரு வரி வாசித்தார் பாருங்கள், எனக்குக் காது அடைத்துவிட்டது. உங்கள் வக்கீல் செலவையும் நான்தான் கொடுக்க வேண்டுமாம்!

என் வக்கீலைப் பிடித்துக் கேட்டேன். "ஏன் சார், அவுக வக்கீல் என்னைய ரெண்டரை வருசமா வைஞ்சதுக்கு நான் கூலி கொடுக்கணுமா?"

"தோத்தவர்தான் கொடுக்கணும்."

"அப்ப உங்க கூலி?"

"அதுவும் நீங்கதான்."

வழக்குப் போட்ட அன்று தங்கச்சியை முன்னால் வைத்துக்கொண்டு நாம் என்ன பேசினோம்? அவரவர் வக்கீலுக்கு அவரவர் செலவு என்றுதானே? ஒரே பஸ்சில் வாய்தாவுக்குப் போய், ஒரே ஓட்டலில் தோசை தின்று, கோர்ட்டு வாசலில் மட்டும் வேற்று ஆளாக நின்றோமே, மறந்துவிட்டதா? உங்கள் காயை நான் சலித்துத் தரம் பிரித்து ஏலத்துக்கு விடுவதைக்கூட இத்தனை சண்டையிலும் ஒரு வாரம் நிறுத்தவில்லை. இப்போதும் உங்கள் ஏழு மூடை என் கடையில்தான் கிடக்கிறது.

பதில் போடுங்கள்.

அதிர்ச்சியிலிருந்து இன்னும் எழுந்திராத மச்சான்,
வெள்ளைத்துரை

*

பூப்பாறை,
20-2-1979

மச்சான் அவர்களுக்கு வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கும் கை கால் ஓடவில்லை. செலவைப் பற்றி நான் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. பேச்சு பேச்சுதான், நீங்கள் ஒன்றும் தர வேண்டாம். போன வாரம் வக்கீல் குமாஸ்தா ஏதோ தாளைக் கொண்டுவந்து, "தீர்ப்பு வந்தா இது வழக்கம்" என்று கையெழுத்துக் கேட்டான். இங்கிலீஷில் இருந்தது. போட்டுக் கொடுத்தேன். வேறொன்றுமில்லை.

சுந்தரம், "எங்கண்ணன் காசு ஒத்தப் பைசா இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
காசிமாயன்

*

போடிநாயக்கனூர்,
9-3-1979

மாப்ளே,

நலம் விசாரிக்க நேரமில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் நேற்று என் கடைக்கு நடந்தே வந்துவிட்டது. கூடவே கோர்ட்டு அமீனா, இரண்டு ஆள், ஒரு மாட்டு வண்டி. செலவுத் தொகைக்கு ஜப்தியாம்.

என்னிடம் ஜப்தி செய்ய என்ன இருக்கிறது? ஒரு தராசு, ஒரு உடைந்த நாற்காலி, நான். அமீனா மூன்றையும் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த ஏழு மூடையைக் காட்டி, "தூக்குங்கடா" என்றார்.

"ஐயா, அது என்னுதில்ல! யாருக்குப் பணம் கட்டணும்னு வந்திருக்கீகளோ, அந்தக் காசிமாயன் சரக்குதான்யா அது!"

"ஜப்திக்குப் போற எடத்துல எல்லாரும் அடுத்தவன் சரக்குன்னுதான்யா சொல்றாக. நீர்தான் கொஞ்சம் புதுசாச் சொல்றீரு."

உங்கள் செலவுக்கு உங்கள் காயையே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கடைத்தெருவே கைகொட்டிச் சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்தான்.

இப்போது என் வக்கீல் சொல்கிறார்: "நீங்க வாயத் தொறக்காதீங்க. சரக்கு ஏலம் போகும், உங்க பாக்கி தீரும்." ஆசையாகத்தான் இருந்தது மாப்ளே. ஆனால் வெள்ளைத்துரை கடனுக்கு அடுத்தவர் மூடை போயிற்று என்று ஊர் பேசினால், சிலமலையிலிருந்து சூரியனெல்லி வரைக்கும் எவன் என்னை நம்பி ஒரு கைக் காய் இறக்குவான்? கடைதான் போயிற்று. பேர் ஒன்றுதான் மிச்சம், அதை வைத்துத்தான் இனி எங்கேயாவது சோறு தின்ன வேண்டும்.

ஆகையால் வெரசா மனுப் போடுங்கள். மூடை உங்களுடையது என்று நானே கூண்டில் ஏறிச் சொல்கிறேன்.

வெள்ளைத்துரை

*

பூப்பாறை,
17-3-1979

மச்சான் அவர்களுக்கு,

சேதி கேட்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. வக்கீலைப் பார்த்து மனுப் போட்டாயிற்று. காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். "உங்க மச்சானே வந்து சாட்சி சொன்னாப் போதும், மூடை வந்துரும்" என்றார். எனக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, விசாரணை அன்றைக்கு வர முடியாது. உங்கள் பெருந்தன்மையை நினைத்துச் சுந்தரம் அழுதாள்.

காசிமாயன்

*

போடிநாயக்கனூர்,
11-4-1979

காசிமாயன் அவர்களுக்கு,

நேற்று சாட்சி சொன்னேன். மூடை உங்களுடையதென்று உத்தரவாகிவிட்டது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும்.

சாட்சிக்கு முன்னால் உங்கள் மனுவைத் தமிழில் வாசித்தார்கள். "எதிர்மனுதாரர் வெள்ளைத்துரை என் சரக்கை அபகரிக்கும் கெட்ட எண்ணத்துடன் மறைத்து வைத்து, அமீனாவிடம் தன்னுடையது போலக் காட்டினார்" என்று இருந்தது. அடியில் உங்கள் கையெழுத்து. ராசிங்காபுரம் பெரியகருப்பன் வேறொரு வழக்குக்காக வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எட்டு வருஷமாக என்னிடம் காய் போடுகிறவன். இன்று காலையில் வந்து, "அண்ணே, தப்பா நெனச்சுக்கிறாதீக" என்று சொல்லித் தன் மூடைகளை ஏற்றிக்கொண்டு போனான். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர்.

செலவுத் தொகையை மணியார்டரில் அனுப்பிவிடுகிறேன். சாவி பக்கத்துக் கடையில் இருக்கும்.

வெள்ளைத்துரை

*

பூப்பாறை,
2-9-1979

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் பதில் போடாமலே நான் எழுதும் நான்காவது கடிதம் இது. ஆனியில் உங்கள் மணியார்டர் வந்தது. நீங்கள் எழுதும் இடம் கிடைத்தால் ஓரம்கூட விட மாட்டீர்கள். கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்து இல்லை.

வக்கீலிடம் போய்ச் சண்டை போட்டேன். "மனுன்னா அப்படித்தான்யா எழுதணும், ஒங்க மச்சான் மேல எனக்கென்ன கோவம்?" என்று சிரித்தார். ராசிங்காபுரம் போய்ப் பெரியகருப்பனிடமும், அது அத்தனையும் பொய், எங்கள் மச்சான் தங்கம் என்று சொன்னேன். அவன் நிதானமாகக் கேட்டான்: "கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுச் சொன்னது பொய்யா அண்ணே, இப்ப வாய்ல சொல்றது பொய்யா?" அடுத்த பஸ்சில் ஏறித் திரும்பிவிட்டேன்.

கடை பூட்டித்தான் கிடக்கிறது. கூட்டின வாடகைக்கு ஒருவரும் வரவில்லை. சுந்தரம் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

முதல் எடுப்புக் காய் உலர்ந்து மூடை கட்டியாயிற்று. ஜீப்புக்காரன் தினமும் வந்து, "போடியில எங்கண்ணே எறக்க?" என்கிறான். "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிடுகிறேன். நீங்கள் வைது எழுதினாலும் சரி மச்சான், எங்கே இறக்குவது என்று மட்டும் எழுதுங்கள்.

காசிமாயன்