ஏழாம் முட்டையின் கரிக்கறை

அடைக்கோழிக்கு அடியிலிருந்து உங்கள் அக்கா எடுத்துக் காட்டிய முட்டையில் கரியால் ஒரு பெருக்கல் குறி இருந்தது. நேற்று பாறசாலையில் உங்கள் நினைவு ஜெபம் முடிந்து, அடுக்களை வாசலில் பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். குறி எதற்கு என்று சும்மாதான் கேட்டேன்.

"அடைக்கு வச்சதாக்கும் சாரே. வேற கோழி வந்து புதுசு இட்டா தெரியணுமே." பிறகு அக்கா சிரித்தார். "ஒருக்கா இப்படி ஒண்ண ஒங்க லேபுக்கே தந்துவிட்டேன். அன்னைக்கு பன்னெண்டுக்கு ஒண்ணு குறஞ்சு போச்சு. இவ ரயிலுக்கு நேரமாச்சுன்னு நிக்கா. அடையில ரெண்டு நாள் இருந்த ஒண்ண எடுத்து, கரிய முந்தானையில தொடச்சு கூடையில வச்சேன். தெரிஞ்சா என்னைக் கொன்னிருப்பா!"

எப்போது என்று கேட்டேன்.

"அதுதான் கடைசிக் கூடை சாரே. அதுக்கப்புறம் அவ முட்டையே கேக்கல்ல."

டம்ளரை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கருவில் ஒரு செல் பக்கத்துச் செல்லுக்கு என்ன செய்தி சொல்கிறது, அந்தச் செய்தியைத் தடுத்தால் கால்விரல் உருவாகுமா என்பதுதான் நம் கேள்வி. கடை முட்டையில் கரு இராது என்பதால் உங்கள் வீட்டிலிருந்து கூடை வரும். முட்டைகளைச் சூட்டுப்பெட்டியில் வைத்து, மூன்றாம் நாள் ஓட்டில் சிறு துளையிட்டு நீங்கள் மருந்தைச் செலுத்துவீர்கள். நான் மெழுகால் அடைத்து, எண்ணிட்டு, எழுதுவேன். பத்தாம் நாள் உடைத்துப் பார்ப்போம்.

அந்தக் கூடையில் பதினொரு குஞ்சுகளுக்குக் கால்விரல்கள் குறைந்திருந்தன. ஏழாம் எண்ணுக்கு மட்டும் நான்கு விரலும் முழுசாக இருந்தன.

"சாரே, இது மூத்த பிள்ளை மாதிரி இருக்கு. இறகு முளைச்சிருக்கு பாருங்க" என்றீர்கள்.

"மருந்து போகலன்னா அப்படித்தான் வளரும். ஊசி தவறியிருக்கு."

"பன்னெண்டையும் எண்ணியாக்கும் குத்தினேன். நாளைக்கு வீட்டுல கேட்டுட்டு வாறேன். வேணும்னா கோழியும் வந்து சாட்சி சொல்லும்."

"வேண்டாம். நான் எழுதிட்டேன்."

உண்மையில் அப்போது நான் எழுதியிருக்கவில்லை. இயக்குநர் காரணம் கேட்பாரே என்ற பயத்தில் அன்று மாலைதான் எழுதினேன்: ஊசி தவறியது, உதவி ஆய்வாளரின் கவனக்குறைவு. ஒன்று தவறியிருந்தால் மற்றவற்றை எப்படி நம்புவது என்று பன்னிரண்டையும் ஒதுக்கினேன். அந்த வாரமே உங்களை ரசாயனக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டினீர்கள். மாற்றலுக்கு மறுநாளும், ரயில் நான் ஏறும் நெய்யாற்றின்கரைக்கு வந்தபோது ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தீர்கள். முட்டையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது.

நீங்கள் சொன்னதுதான் சரி. அது மூத்த பிள்ளை. மருந்து உள்ளே போனபோது அதற்கு ஐந்து நாள் வயது. விரலுக்கான செய்தி அதற்குள் சொல்லி முடிந்திருந்தது. அந்தச் செய்திக்கு ஒரு காலக்கெடு உண்டு என்பதை அந்த ஒரு முட்டை நம் மேஜைமேல் காட்டியது. சில ஆண்டுகள் கழித்து எங்கோ வேறு யாரோ அதைக் கண்டுபிடித்து எழுதியபோது நூலகத்தில் உட்கார்ந்து வாசித்தேன். நமக்கு அந்தத் திறமை இல்லை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன்.

"அதனால ஏதும் கேடு வந்துதா சாரே?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்ணும் இல்லை" என்றேன். பாருங்கள், இந்த வயதிலும்.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். நான் ஒன்றையும் விடாமல் எழுதுகிறவன் அல்லவா? என் கையெழுத்தில், திருத்தமாக இருந்தது: 'ஏழு. ஓட்டில் மங்கிய கரிக்கறை. துடைக்கப்பட்டது.'

அக்கா விட்டுப்போன மிச்சத்தைத் துடைத்தது நான்தான். அது என்ன கறை என்று பக்கத்தில் நின்ற உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பீர்கள், அந்தக் குறியைப் பார்த்து வளர்ந்தவர்.

நாளை காலை வண்டியில் பாறசாலைக்கு வந்து, இந்தக் குறிப்பேட்டை அக்காவின் முன் விரித்து, நான் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். ஜன்னலோர இடம் கிடைக்காது, நின்றுகொண்டே வருவேன். இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் என்னிடம் மிஞ்சியிருப்பது நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம். "நாளைக்கு வீட்டுல கேட்டுட்டு வாறேன்." ஒரே ஒரு நாள் அவகாசம்தான் கேட்டீர்கள்.